கெளுத்திப் போட்டி ஆடியில் வேண்டாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். கலங்கல் ஆற்றில் இடுப்பளவு நின்றுகொண்டு ஒரு வெள்ளைக்காரர், முழங்கை வரைக்கும் ஒரு மீனின் வாய்க்குள் கையை விட்டபடி சிரிக்கிறார். கீழே ‘ராட்சத விராலைக் கையால் பிடிக்கும் அமெரிக்க வீரர்கள்’ என்று எழுதி, நம் இளைஞர்களுக்கு இந்தத் துணிச்சல் உண்டா என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு திருத்தம். அது விரால் இல்லை ஐயா. மீசையைப் பாருங்கள், கெளுத்தி ஜாதி. விராலுக்கு ஏது மீசை? மூன்று வேளையும் மீன் தின்கிற ஊரில் படிக்கிற பத்திரிகை, இதில் தவறலாமா? சரி, அதை விடுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில், உண்டு. ஆனால் அதற்குத் துணிச்சல் என்று நாங்கள் பெயர் வைக்கவில்லை, மத்தியானக் குழம்பு என்றுதான் வைத்திருந்தோம். பர்மாவில் இந்தப் பெகு பக்கம் வயற்காட்டில் பிறந்த எந்தப் பையனும் பத்து வயதுக்குள் சேற்றில் கையை விட்டுக் கெளுத்தி பிடித்திருப்பான், முள் குத்தி ஊரைக் கூட்டி அழுதும் இருப்பான். நானும் அப்படித்தான். என் தாத்தா செட்டியார் பண்ணைக்கு நடவுக்கூலியாக வந்தவர். 1964-ல் சுற்றுவட்டாரத் தமிழர் பலர் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது, அறுத்துவிட்டுப் போகலாம் என்றாராம் அப்பா. அறுப்பு முடிந்தது, மாட்டுக்கு வைக்கோல் போரும் போட்டார், மறுபடி மழை வந்து நடவும் வந்தது, அப்புறம் போகவே இல்லை. எனக்கு இப்போது வயது 66. அதே வயல், அதே வரப்பு.

விராலா கெளுத்தியா என்று சண்டை போட மட்டும் பேனாவை எடுக்கவில்லை. உங்கள் படம் எங்கள் கோயில் பையன்கள் கைக்குப் போய், அதிலிருந்து கைப்பேசியில் வீடியோக்களுக்குப் போய், இப்போது வருகிற ஆடித் திருவிழாவில் கையால் கெளுத்தி பிடிக்கும் போட்டி வைப்பது என்று முடிவே செய்துவிட்டார்கள். நல்லது, செய்யுங்கள், பையன்கள் ஒவ்வொருவராகத் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்க்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில் இருக்கிறவர்கள் சிரித்து விளையாட ஏதாவது வேண்டும், ஆனால் ஆடியில் வேண்டாம் என்று சொன்னேன். பெரியவர் பயப்படுகிறார் என்று சிரித்தார்கள். பயம்தான். அவர்கள் நினைக்கிற பயம் இல்லை. வாயால் சொன்னால் காதில் வாங்காதவர்கள் அச்சில் வந்தால் படிப்பார்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காக்காரர்கள் இதற்கு ‘நூட்லிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேத்தியிடம் சொன்னேன், நூடுல்ஸ் சமைப்பதா தாத்தா என்றாள். எங்கள் ஊரில் அது பெரிய தப்பும் இல்லை, கெளுத்தியும் நூடுல்ஸும் மொகிங்கா என்கிற பர்மிய மீன்குழம்புக் கிண்ணத்தில்தான் ஒன்று சேர்கின்றன. அங்கே ஓக்லஹோமா, டெக்சாஸ், மிசிசிப்பி, டென்னசி மாதிரித் தென்பக்கத்து மாநிலங்களில் இது பரம்பரையாக வருகிற வேலை. செவ்விந்தியர்களிடமிருந்து வந்தது என்கிறார்கள். ஜேம்ஸ் அடேர் என்ற வியாபாரி 1775-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்: கையில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு அடியில் முங்குவார்களாம், மீன் வந்து கவ்வுமாம், கவ்வியதும் உள்ளேயே கையைத் திறந்து பிடித்து மேலே இழுப்பார்களாம். எங்கள் மாமா ஒருவர் கைலி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பொந்தில் விடுவார். அவர் அடேரையும் படித்ததில்லை, வேறு எதையும் படித்ததில்லை.

அவர்கள் பிடிக்கிறது தட்டைத்தலைக் கெளுத்தி. நம் கெளுத்தியை அதன் பக்கத்தில் வைத்தால் சுண்டுவிரல் மாதிரி இருக்கும். தூண்டிலில் பிடித்த கணக்கில் பெரியது 1998-ல் கான்சாஸ் மாநிலத்தில் கிடைத்தது, ஏறக்குறைய 56 கிலோ. பர்மாக் கணக்கில் 34 வீசை. (வீசை என்றதும் ஞாபகம் வருகிறது, வெள்ளைக்காரன் ‘விஸ்’ என்றும் பர்மாக்காரர் ‘பெய்தா’ என்றும் சொல்கிற எடை இது, அந்த ‘விஸ்’ நம் வீசையிலிருந்து போனதுதான். மீன் சந்தையில் இன்றைக்கும் அதில்தான் நிறுக்கிறார்கள். பையன்களுக்கு இது தெரிவதில்லை.) கையால் பிடிக்கிறவர்களுக்குப் பதினைந்து, இருபது கிலோ மீன் அகப்படுவதும் உண்டாம். பல் என்று தனியாகக் கிடையாது, தாடை முழுக்க உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, கவ்விக்கொண்டு உருளும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலை உரித்துவிடும். அந்தத் தழும்பைப் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

இப்போது கேளுங்கள், அந்த மீன் ஏன் கையைக் கவ்வுகிறது? பசியால் என்று எங்கள் பையன்கள் நினைக்கிறார்கள். இல்லை. மே கடைசியிலிருந்து ஜூலை வரை தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஆண் மீன் கரையடியில் ஒரு பொந்தையோ பாறை இடுக்கையோ, முங்கிக் கிடக்கிற மரத்தின் அடியையோ பார்த்துச் சுத்தம் செய்து வைக்கும். பெண் வந்து ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் காவல் முழுக்க அப்பன்தான். செட்டையால் விசிறி விசிறி முட்டைக்கு நல்ல தண்ணீரை அனுப்பிக்கொண்டு, பொந்தை விட்டு நகராமல், உள்ளே எது நுழைந்தாலும் கடிக்கும். அந்த நேரத்தில் நுழைகிறதுதான் நம் வீரர் கை. மற்ற மாதத்தில் அதே பொந்தில் கையை விட்டுப் பாருங்கள், மீன் இருக்காது, இருந்தாலும் ஓடிவிடும். முட்டை இருப்பதால்தான் ஓடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் உங்கள் பக்கத்தில் விட்டுவிட்டீர்கள், எங்கள் பையன்கள் பார்க்கிற வீடியோவிலும் யாரும் சொல்வதில்லை.

நம் ஊர்க் கெளுத்திக்கு வருகிறேன். அரிச்சுவடியில் ‘ங’ என்ற எழுத்து வேலை இல்லாமல் சும்மா கிடக்கும், சின்ன வயதில் அதை எழுதும்போதெல்லாம் இது எதற்கு என்று கேட்டிருக்கிறேன். பர்மாவில் மீனுக்கே ‘ங’ என்றுதான் பெயர். கெளுத்தி ஙகூ, தேளி ஙஜீ, வாளை ஙபத். தமிழில் ஓய்ந்து கிடந்த எழுத்துக்கு இங்கே சந்தையில் காலை நாலு மணியிலிருந்து வேலை. இதில் மொகிங்காவுக்குப் போவது பெரும்பாலும் ஙகூவும் ஙஜீயும்.

இந்த ஙகூ வினோதமான பிராணி. தண்ணீர் வற்றினாலும் சாகாது. அம்மா கழுவும்போது செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுவாள், செவுளுக்கு மேலே பவளக்கொத்து மாதிரிச் சிவப்பாக ஒன்று கிளை கிளையாக இருக்கும். அதனால்தான் அது வெளிக்காற்றை விழுங்கி மூச்சு விடுகிறது. முதல் மழை ராத்திரியில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு ஈரத்தரையில் நெளிந்து நெளிந்து நடந்தே போய்விடும், வாசலில் கிடந்து காலையில் பிடித்ததும் உண்டு. அதனால் கோடையில் குட்டை வற்றும்போது கெண்டையும் பிறவும் செத்து மிதக்க, கெளுத்தி மட்டும் சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கேதான் எங்கள் ‘நூட்லிங்’.

பங்குனி மாதம், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு பத்து நாள் முன்னால். வயல் வெடித்துக் கிடக்கும். மூலைக் குட்டையில் மட்டும் முழங்கால் அளவுக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர். நாங்கள் நாலைந்து பேர், பக்கத்து வயல் பர்மாக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், விடியற்காலையில் வாளியால் இறைக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிடும். அப்போது பேச்சு நின்றுவிடும். எல்லோரும் குனிந்து பார்ப்போம். சேற்றின் மேல் ஒரு குமிழி எழும்பி உடையும், அதன் பக்கத்தில் இன்னொன்று. அங்கே கெளுத்தி காற்று வாங்குகிறது என்று அர்த்தம். காலால் முதலில் தடவ வேண்டும், உள்ளங்காலுக்குக் கீழே சேறு வேறு மாதிரி, மீன் வேறு மாதிரி, வழவழவென்று ஒரு அசைவு. அசைந்ததும் பாய்ந்து பிடிக்கக் கூடாது. பாய்ந்தவனுக்கு முள்தான் கிடைக்கும். கையை மெதுவாகச் சேற்றோடு சேர்த்து இறக்கி, உள்ளங்கையால் தட்டைத் தலையை அழுத்தி, கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் மறுபக்கம், இரண்டு பக்கச் செட்டை முள்ளுக்கும் பின்னால் கொடுத்து இறுக்க வேண்டும். முள் விறைத்து நிற்கும், பூட்டுப் போட்ட மாதிரி, மடங்காது. விரல் அதற்குப் பின்னால் இருக்கிற வரைக்கும் அந்த முள்ளே உங்களுக்குப் பிடி. முன்னால் போனால் அதுவே ஊசி. இதைச் சொல்லிக்கொடுக்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, என் கைமேல் கையை வைத்து ஒரே ஒரு தடவை அழுத்திக் காட்டினார்.

அமெரிக்கக் கெளுத்தி கடிக்கும், நம்முடையது குத்தும். அதிலும் தேளி இருக்கிறதே, பேரிலேயே தேள் இருக்கிறது. முள்ளில் நிஜமாகவே விஷம். ஒன்பது வயதில் ஙகூ என்று நினைத்து ஙஜீயைப் பிடித்தேன், கட்டைவிரல் அடியில் இறங்கியது, தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டு அக்குளில் நெறி கட்டிவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள், ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், ஒருவர் சுண்ணாம்பு என்றார். அம்மா எதையும் கேட்காமல் அப்போதுதான் வடித்த கஞ்சியை ஒரு சட்டியில் ஊற்றி, தன் விரலை விட்டுப் பார்த்து, தாங்குகிற சூடு வந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினாள். ஆற ஆற மாற்றி ஊற்றினாள். அரை மணியில் வலி பாதியாகிவிட்டது. இந்த மாதிரி மீன் விஷம் சூட்டில் கெட்டுவிடும், டாக்டர்களும் சூடான தண்ணீரில்தான் வைக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. போட்டி வைக்கிற பையன்களே, பரிசுக் கைப்பேசி வாங்குவதற்கு முன்னால் ஒரு அடுப்பும் ஒரு அண்டா வெந்நீரும் ஏற்பாடு செய்யுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டு வெந்துபோகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள்ளை விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வற்றிய குட்டையில் சேறு கண்ணுக்குத் தெரிகிறது. வரப்புப் பொந்து அப்படி இல்லை. கண்ணாடி விரியன் இருக்கிற பூமி இது, பர்மாவில் பாம்பு கடித்துச் சாகிறவர்களில் பெரும்பங்கு அதனால்தான், கடித்தால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், சாகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல வயலில் இறங்குகிறவர்கள். அமெரிக்கக்காரருக்கும் இந்தக் கவலை இருக்கிறது. பொந்துக்குள் பாம்பு, கடிக்கிற ஆமை, நீர்நாய் மாதிரியான பீவர் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால் முதலில் குச்சியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். பாதி தண்ணீருக்கு மேலே தெரிகிற பொந்தென்றால் பழகியவர்கள் விலகிவிடுவார்கள், மூச்சு விடுகிற பிராணி உள்ளே இருக்கலாம் என்று. தனியாகவும் யாரும் முங்குவதில்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் மேலே நின்று காலையோ தோளையோ பிடித்துக்கொள்வார், கை மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். வீடியோவில் அந்த இரண்டாவது ஆள் தெரிவதே இல்லை, மீனும் சிரிப்பும் மட்டும்தான் தெரிகிறது.

சரி, ஆடிக்கு வருகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். வடக்கு வரப்பில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. வாய் வழவழவென்று தேய்ந்திருந்தது. விட்டேன். உள்ளே ஒன்று முட்டியது. நான் கையை எடுத்தேன், அது ஓடவில்லை. திரும்ப விட்டேன், திரும்ப முட்டியது. எனக்கு ஆச்சரியம், கோடையில் இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கிற மீன் தானாக வந்து கையில் இடிக்கிறதே என்று. இரண்டு விரலைக் கொடுத்து இழுத்துவிட்டேன். அரை வீசைக்குக் குறையாத ஆண் கெளுத்தி. கையோடு ஒரு பிடி புல்வேரும் வந்தது, அதில் கடுகு மாதிரிப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததை மண் என்று நினைத்து உதறிவிட்டேன். ஓட்டமாக வீட்டுக்கு.

அப்பா திட்டவில்லை. குழம்பையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கைகூடக் காயாமல் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வரப்புக்கு நடந்தார். பொந்து வாயில் சின்னக் கெண்டைகள் ஒரு கூட்டம், இருபது முப்பது இருக்கும், திருவிழாக் கடையில் பிள்ளைகள் நெரிசல் மாதிரி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. அப்பா கையை விட்டு மிச்சம் இருந்த வேரைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வெறும் வேர். ஒரு கடுகுகூட இல்லை. ஒன்றிரண்டு நாளில் பொரிந்திருக்கும்டா என்றார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை, வரப்பில் அவர் காலடித் தடத்திலேயே காலை வைத்து நடந்து வந்தேன். அதற்கப்புறம் தண்ணீர் ஏறின வயலில் பொந்துக்குள் கை விட்டதில்லை. வரப்பில் இப்போதும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

நம் ஙகூவும் அமெரிக்கக் கெளுத்தியும் உருவத்தில் சம்பந்தமே இல்லாதவை, ஆனால் இந்த ஒன்றில் அண்ணன் தம்பி. முட்டைக் காலத்தில் பொந்து, காவலுக்கு ஆண். எங்கள் பையன்கள் போட்டி வைக்கிற ஆடியும் அமெரிக்காவில் போட்டி வைக்கிற கோடையும் அந்தந்த மீனுக்கு ஒரே பருவம்தான். ஓக்லஹோமாவில் பால்ஸ் வேலி என்ற சின்ன ஊரில் 2000-ல் ஆரம்பித்து இதற்குப் பெரிய போட்டியே நடக்கிறது, ஜனம் திருவிழா மாதிரிக் கூடுகிறது. அங்கேயும் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. டெக்சாஸில் 2011 வரை இது குற்றம், 500 டாலர் வரைக்கும் அபராதம் உண்டு, அந்த வருஷம்தான் சட்டத்தை மாற்றி அனுமதித்தார்கள். மிசூரி மாநிலத்தில் 2005-ல் சோதனையாக அனுமதித்துப் பார்த்துவிட்டு, முட்டையிடுகிற வயது மீனையெல்லாம் அள்ளிவிடுவார்கள் என்று 2007-ல் நிறுத்திவிட்டார்கள். தூண்டில்காரருக்கும் கைக்காரருக்கும் அதில் வருஷக்கணக்கில் சண்டை. தூண்டில்காரர் சொல்வார், நான் பிடிப்பது எந்த மீனோ, நீ பிடிப்பது எப்போதும் அப்பன் மீன். கைக்காரர் சொல்வார், நாள் முழுக்க முங்கினாலும் எனக்குக் கிடைப்பது நாலோ ஐந்தோ, அதனால் ஆறு காலியாகிவிடுமா? இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய ஆறு, நிறைய மீன், கொஞ்சம் ஆள் என்றால் தாங்கும். எங்கள் வரப்பும் வாய்க்காலும் அப்படியா? முந்நூறு பேர் கூடுகிற திருவிழாவில் நாற்பது பையன்கள் ஒரே காலையில் எல்லாப் பொந்திலும் கையை விட்டால் என்ன மிஞ்சும்?

ஏற்கெனவே மிச்சம் குறைவு. அதற்குக் காரணம் கை இல்லை, பேட்டரி. முதுகில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு நடக்கிறார்கள். பெரியது சின்னது என்று பார்க்காமல் எல்லாம் வெள்ளை வயிறாக மிதக்கும், வேண்டியதைப் பொறுக்கிவிட்டுக் குஞ்சைக் காக்காய்க்கு விட்டுப் போவார்கள். மின்சாரம், வெடி, விஷம் மூன்றும் சட்டப்படி கூடாது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, பேட்டரி வாய்க்காலில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் கையால் தடவிப் பிடிக்கிறவனைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை, அவன் மீனைத் தொட்டுப் பார்த்தாவது எடுக்கிறான். அதனால்தான் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இடத்தையும் மாற்ற வேண்டும். பையன்கள் பார்த்து வைத்திருக்கிற வாய்க்கால் ஏலத்தில் போன தண்ணீர். பிரிட்டிஷ்காரர் காலத்திலிருந்தே இங்கே மீன்பிடி நீர்நிலைகளை ‘இன்’ என்று பிரித்து ஏலம் விட்டுத்தான் வருகிறார்கள், பணம் கட்டி எடுத்தவர் கரையில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பாரா? மொயின்ஜி ஏரிப் பக்கம் போய்விடலாம் என்று ஒரு புத்திசாலி சொன்னான். அது 1988 முதல் சரணாலயம், வடக்கேயிருந்து வருகிற பறவைகளுக்காக 2004-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே போய் மைக் கட்டி டமாரம் அடித்தால் கெளுத்திக்கு முன்னால் நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஆடி மாதம்தான் கோயிலில் கூட்டம் வரும், பங்குனியில் யார் வருவார்கள் என்கிறார்கள். ஏன், பங்குனி உத்திரம் இல்லையா? காவடிக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒரு நாள் கூடத் தங்கிப் போகட்டுமே. அதோடு, பங்குனியில் வற்றுகிற குட்டையில் கிடக்கிற மீனை யாரும் பிடிக்காவிட்டால் வெயிலிலும் கொக்கு வாயிலும் கொஞ்சம் போகத்தான் போகிறது. முட்டைக் காலம் வர அதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடாமல், சேற்றோடு பெரியதாகப் பத்து இருபதை ஒரு மூலைக்குழியில் விட்டுவிட்டால் முதல் மழைக்கு அவையே வயலேறிவிடும். எங்கள் அப்பா அப்படித்தான் விடுவார். பக்கத்து வயல் பர்மாக்காரப் பெரியவர் அதை விதைமீன் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார், விதைநெல்லை யாராவது அவித்துத் தின்பார்களா என்று. அவர் குட்டையிலும் அதே வழக்கம்தான் இருந்தது, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

விளையாட்டு சுவாரஸ்யமாக இருக்காது, பொந்திலிருந்து இழுப்பதுதான் வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று கடைசியாக ஒரு வாதம். தம்பி, காவலுக்கு இருக்கிற மீன் தானாக வந்து கையில் முட்டும், அதை இழுக்கப் பன்னிரண்டு வயதுப் பையன் போதும், நானே சாட்சி. சேற்றில் கிடக்கிற கெளுத்தியைப் பிடித்துப் பார். குமிழியைப் பார்க்கத் தெரிய வேண்டும், காலால் படிக்கத் தெரிய வேண்டும், ஙகூவா ஙஜீயா என்று தொடும்போதே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அண்டா வெந்நீர். மூன்று தடவை வழுக்கிச் சேற்றில் முகம் குப்புற விழுவாய், அதைவிடவா நல்ல வீடியோ வேண்டும்?

என் மூலைக் குட்டை இருக்கிறது. ஏலத் தண்ணீர் இல்லை, என் வயலுக்குள் இருப்பது, யாரும் கேட்க முடியாது. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விடியற்காலையில் வரட்டும். இறைக்கிற வாளியும் மண்வெட்டியும் அவர்களே கொண்டு வர வேண்டும், இந்த முதுகால் இனி இறைக்க முடியாது. மூலைக்குழியில் விடுகிற மீனை மட்டும் நான்தான் பொறுக்குவேன், அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மற்றதெல்லாம் பிடித்தவனுக்கு. வீட்டில் கேட்டுவிட்டேன், வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல், வறுத்த அரிசிமாவு எல்லாம் தயாராக இருக்கும், ஆளுக்கு ஒரு கிண்ணம் மொகிங்கா கொடுக்கலாம் என்கிறாள். ஆனால் சாம்பல் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தால்தான் சட்டியில் போடுவாளாம்.

உங்கள் புகைப்படக்காரரும் வரலாம். படத்துக்குக் கீழே மட்டும் கெளுத்தி என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பெகு பக்கத்து வாசகன்